பிள்ளைகள் இருக்கும் வீட்டில் லாப்ரடார்: ஆறு வருடம் வளர்த்த பிறகு

முதலிலேயே மார்க்கைச் சொல்லிவிடுகிறேன், முழுவதும் படிக்கப் பொறுமையில்லாதவர்கள் அதோடு போய்விடலாம். ஐந்துக்கு நாலு. குறைத்த ஒன்றில் பாதி, முடி கொட்டுவதற்கு. மீதிப் பாதி உண்மையில் எங்கள் தப்பு, நாயின் தப்பு இல்லை, ஆனாலும் மார்க் அதற்குத்தான் குறைகிறது, பாவம்.

எங்கள் வீட்டு நிலவரம் தெரிந்தால்தான் நான் சொல்வது உங்களுக்குப் பொருந்துமா என்று பார்க்க முடியும். நாய் வந்தபோது மகளுக்கு எட்டு வயது, மகனுக்கு நாலு. நாங்கள் இரண்டு பேரும் வேலைக்குப் போகிறவர்கள், ஆனால் எனக்கு வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே வேலை. தோட்டம் கிடையாது, நடந்து போக இடம் உண்டு. நான் அதற்கு முன் நாய் வளர்த்ததே இல்லை. என் கணவர் சின்ன வயதில் வளர்த்திருக்கிறார், அதாவது என் மாமியார் வளர்த்தார், இவர் தடவிக்கொடுத்தார். இந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்று குட்டி வந்த முதல் வாரமே எனக்குப் புரிந்துவிட்டது.

பிள்ளைகளைக் கேட்டுத் தேர்ந்தெடுக்கலாம் என்று ஆரம்பித்தோம், அது சரிப்படவில்லை. மகனுக்குப் புள்ளி போட்ட டால்மேஷன் வேண்டும். மகளுக்கு நீலக் கண் ஹஸ்கி வேண்டும். இரண்டும் பார்க்க அழகுதான், ஆனால் ஹஸ்கி என்பது பனியில் வண்டி இழுத்துக்கொண்டு மைல்கணக்கில் ஓடுவதற்காகவே வளர்க்கப்பட்ட நாய், மாலையில் கால் மணி நேரம் நடத்திக் கூட்டிவந்தால் மீதி ஓட்டத்தை சோபாவின் மேல் ஓடித் தீர்க்கும், இல்லையென்றால் மதிலைத் தாண்டும். டால்மேஷனும் குதிரை வண்டியோடு கூடவே ஓடிய நாய், அதுவும் லேசில் களைக்காது, போதாததற்கு அந்த இனத்தில் பிறவிச் செவிடு அதிகம். இதையெல்லாம் நாலு வயதுப் பையனிடம் விளக்கிக்கொண்டிருந்தேன். அவன் கேட்டது ஒன்றுதான்: "அப்போ நாமளே புள்ளி வரைஞ்சிடலாமா அம்மா?"

அப்புறம் நான் ஒழுங்காகப் படிக்க உட்கார்ந்தேன். எங்கே பார்த்தாலும் 'குழந்தைகளுக்கு ஏற்ற பத்து நாய்கள்' என்று பட்டியல். எல்லாப் பட்டியலிலும் லாப்ரடார், கோல்டன் ரெட்ரீவர், பீகிள், மூன்றும் வரிசை மாறி மாறி நிற்கும். நானும் அப்போது அதை நம்பித்தான் முடிவெடுத்தேன். குட்டி வந்து கொஞ்ச காலம் கழித்து, 2022இல், சயன்ஸ் இதழில் ஒரு ஆய்வு வந்தது. பதினெட்டாயிரத்துக்கும் மேற்பட்ட நாய்களைப் பற்றி வளர்ப்பவர்களிடம் கேட்டு, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நாய்களின் மரபணுவையும் சேர்த்துப் பார்த்ததில், ஒரு நாயின் நடத்தை இன்னொன்றிலிருந்து வேறுபடுவதில் ப்ரீடை வைத்து விளக்க முடிவது சுமார் 9 சதவீதம்தான் என்று வந்தது. பட்டியல் போடுகிறவர்கள் இதைச் சொல்வதே இல்லை. லாப் என்று வாங்கினாலே சாதுவாக இருக்கும் என்று யாரும் எழுதிக் கொடுக்க முடியாது. மனுஷரைக் கண்டால் ஒதுங்கி நிற்கும் லாப் ஒன்றை நானே பார்த்திருக்கிறேன்.

அதற்காக ப்ரீட் பார்க்கவே வேண்டாம் என்று சொல்லவில்லை. உடம்பின் அளவு, முடி, எவ்வளவு ஓட வேண்டும், என்ன நோய் வரும், எதைக் கண்டால் கை துறுதுறுக்கும் (கை இல்லை, மூக்கும் வாயும்) என்பதையெல்லாம் ப்ரீட் ஓரளவு சொல்லிவிடும். அந்த நாயை எந்த வேலைக்காக உருவாக்கினார்கள் என்று மட்டும் பாருங்கள், பாதி விஷயம் அதிலேயே வந்துவிடும். பார்டர் கோலி ஆடு மேய்க்கிற நாய். வீட்டில் ஆடு இல்லையென்றால் ஓடுகிற பிள்ளைகளை மேய்க்கும், குதிகாலில் லேசாகக் கவ்வி ஒரு மூலைக்கு ஒதுக்கும். ஜெர்மன் ஷெப்பர்டும் 1899இல் ஒரு குதிரைப்படை அதிகாரி மேய்ச்சல் நாய்களிலிருந்து உருவாக்கியதுதான், நல்ல கையில் வளர்ந்தால் அதைப் போல் ஒரு நாய் இல்லை, ஆனால் முதல் முறை வளர்க்கிறவர்களுக்கு, அதுவும் பிள்ளைகளின் நண்பர்கள் கத்திக்கொண்டு உள்ளே வெளியே ஓடும் வீட்டுக்கு, நான் சொல்ல மாட்டேன்.

பீகிளுக்கும் எங்களுக்கும் நூலிழைதான் இடைவெளி. அளவு கச்சிதம், பத்துப் பதினோரு கிலோ, பையன் தூக்கிவிடலாம், முகம் வேறு அப்படி. எங்கள் நெருங்கிய சிநேகிதி வீட்டில் ஒன்று இருந்தது, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அங்கேயே இருந்து பார்த்தோம். பிள்ளைகளோடு அவ்வளவு அன்பு, குறையே இல்லை. சாயங்காலம் யாரோ கதவைச் சரியாகச் சாத்தவில்லை. மூக்கைத் தரையில் வைத்துக்கொண்டு ஒரு வாடையின் பின்னால் போனது போனதுதான், கூப்பிட்டால் காது கேட்காத மாதிரியே போகிறது, இரண்டு மணி நேரம் தேடினோம். முயலை மோப்பம் பிடித்துக் கூட்டமாகத் துரத்த உருவாக்கிய நாய் அல்லவா, அந்த நேரத்தில் அதற்கு நாம் யாரோ. அந்த வீட்டில் தனியாக விட்டுவிட்டுப் போனால் ஊளை வேறு, அக்கம்பக்கத்தில் சண்டையே வந்திருக்கிறது. எங்கள் வீட்டுக் கதவைச் சாத்துவது நாலு வயதுப் பையன் என்பதை நினைத்துப் பார்த்து பீகிளை விட்டோம்.

உருவத்தில் சின்ன நாய் என்றால் குழந்தைகளுக்குப் பாதுகாப்பு என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சிவாவா, பொமரேனியன் மாதிரி இரண்டு மூன்று கிலோ நாய்களுக்குச் சின்னப் பிள்ளைதான் ஆபத்து. தூக்குவான், கை நழுவும், கால் எலும்பு போய்விடும். ஒரு முறை வலித்துவிட்டால் அடுத்த முறை கை கிட்டே வரும்போதே பல்லைக் காட்டும், அதைக் கெட்ட குணம் என்று சொல்லிவிடுவோம். டாஷுண்டுக்கு முதுகெலும்பு பலவீனம், தப்பாகத் தூக்கினாலே வினை. பிள்ளைகள் பத்து வயதைத் தாண்டி, அடங்கி உட்காரத் தெரிந்தவர்கள் என்றால் கதை வேறு.

பக், பிரெஞ்ச் புல்டாக் இரண்டையும் நான் சுருக்கமாக முடித்துக்கொள்கிறேன், ஏனென்றால் எழுத ஆரம்பித்தால் கோபம் வரும். குணத்தில் பிள்ளைகளுக்கு இதைவிடத் தங்கமான நாய் கிடையாது, ஆனால் அந்தத் தட்டையான மூஞ்சியில் மூச்சு போக வழியில்லை, வெயிலில் பத்து நிமிடம் பிள்ளைகளோடு ஓடினால் இளைத்துத் திணறும். நெதர்லாந்தில் மூக்கு அளவுக்கு மேல் குட்டையான நாய்களை இனப்பெருக்கம் செய்யவே கூடாது என்று விதி இருக்கிறது. அமெரிக்கன் கென்னல் கிளப் பதிவுகளில் 1991 முதல் 2021 வரை தொடர்ந்து லாப்தான் முதலிடம், 2022இல் அதைத் தள்ளிவிட்டு பிரெஞ்ச் புல்டாக் மேலே வந்தது. தலையெழுத்து.

அலர்ஜி உள்ள பிள்ளைக்காக முடி கொட்டாத பூடில் அல்லது லாப்ரடூடில் (லாப்பும் பூடிலும் கலந்தது) வாங்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. அலர்ஜி வருவது முடியால் இல்லை, எச்சிலிலும் தோல் செதிளிலும் உள்ள புரதத்தால். முடி கொட்டாத நாய்க்கும் எச்சில் உண்டு. லாப்ரடூடிலை 1989இல் ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற ஒரு பெண்ணுக்கு வழிகாட்டும் நாயாகத்தான் உருவாக்கினார்கள், அவர் கணவருக்கு அலர்ஜி என்பதால். அதைச் செய்தவரே பிற்பாடு, ஏன்தான் செய்தோமோ என்று வருத்தப்பட்டுப் பேட்டி கொடுத்தார், அந்த அளவுக்கு எல்லோரும் இஷ்டத்துக்குக் கலக்க ஆரம்பித்துவிட்டார்கள். சந்தேகம் இருந்தால் வாங்குவதற்கு முன் அந்தக் குறிப்பிட்ட நாயோடு பிள்ளையை இரண்டு மூன்று முறை உட்கார வைத்துப் பாருங்கள், அதைவிட நல்ல சோதனை வீட்டில் செய்ய முடியாது.

சரி, லாப் என்று முடிவானது. முதலில் போன இடத்தைப் பற்றி இரண்டு வரி. பெயர் வேண்டாம். ஆறு குட்டிகளை ஒரு அட்டைப்பெட்டியில் வைத்துக் காட்டினார். ஐந்து வாரம்தான் ஆகிறது, இன்றைக்கே தூக்கிக்கொண்டு போகலாம் என்றார். தாய் எங்கே என்றேன், வேறு இடத்தில் இருக்கிறது என்றார். தகப்பன்? சிரித்தார். அதற்குள் மகன் ஒரு குட்டியை மடியில் வைத்துக்கொண்டு அதற்குப் பெயரே வைத்துவிட்டான். அவன் கையிலிருந்து அதை வாங்கித் திரும்பப் பெட்டியில் வைத்துவிட்டு வெளியே வந்தது போல ஒரு கஷ்டமான காரியத்தை நான் அந்த வருடம் செய்யவில்லை, வழியெல்லாம் அழுகை, எனக்கும்தான். ஆனால் குட்டிக்குக் குறைந்தது எட்டு வாரம் தாயோடும் கூடப் பிறந்ததுகளோடும் இருக்க வேண்டும். எவ்வளவு அழுத்திக் கடித்தால் எதிராளிக்கு வலிக்கும் என்று அங்கேதான் கற்கிறது. அதைக் கற்காத குட்டி அந்தப் பாடத்தை உங்கள் பிள்ளையின் கையில் படிக்கும்.

இரண்டாவது இடத்தில் நாங்கள் கேள்வி கேட்பதற்கு முன் அந்த அம்மா எங்களைக் கேட்டார். பகலில் வீட்டில் யார்? சின்னவனுக்கு எத்தனை வயது? நாய் வளர்த்த அனுபவம் உண்டா? வெளியூர் போனால் என்ன செய்வீர்கள்? எனக்கு முதலில் கொஞ்சம் எரிச்சல், பெண் பார்க்க வந்த மாதிரி இருந்தது, அதுவும் நாங்கள்தான் பெண். ஆனால் தாய் நாயைக் கூட்டிக்கொண்டு வந்தார். அது வந்து எல்லோரையும் மோந்து பார்த்துவிட்டு, மகளின் முழங்காலில் தாடையை வைத்துக்கொண்டு பெருமூச்சு விட்டது. பெற்றோர் இரண்டுக்கும் இடுப்பு எலும்பு எக்ஸ்ரே எடுத்த சான்றிதழும் காட்டினார், லாப்களுக்கு இடுப்பு மூட்டு சரியாக அமையாத தொல்லை பரம்பரையாக வரும். குட்டிக்காக இரண்டு மாதம் காத்திருந்தோம். குட்டியைப் பார்த்து மயங்காதீர்கள், எல்லாக் குட்டியும் அழகுதான், தாயைப் பாருங்கள்.

கறுப்பு நிறப் பெண் குட்டி. பெயர் மிளகு, மகள் வைத்தது.

முதல் நாலு மாதம் மூன்றாவது குழந்தை பெற்ற கதைதான். ராத்திரி இரண்டு முறை எழுந்து உச்சா போகக் கூட்டிப்போக வேண்டும். தடுப்பூசி ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி மூன்று நாலு வாரத்துக்கு ஒரு தடவையாகப் பதினாறு வாரம் வரை போகும், அது முடியும் வரை தெருவில் இறக்கிவிட பயம். ஆனால் குட்டி உலகத்தைப் பழகிக்கொள்ளும் பருவமும் மூன்று முதல் பதினாலு வாரம்தான், ஊசி முடியட்டும் என்று பூட்டி வைத்தால் அது கடந்துபோய்விடும். டாக்டர் சொன்னபடி இடுப்பில் தூக்கிக்கொண்டே வண்டிச் சத்தம், குடை, சைக்கிள், சக்கர நாற்காலி, தாடி வைத்தவர், எல்லாவற்றையும் காட்டினேன். பூச்சி மருந்து தவறாமல் கொடுத்தோம், குட்டிகளின் வயிற்று உருளைப்புழு பிள்ளைகளுக்கும் தொற்றும், அதனால் சாப்பிடும் முன் கை கழுவு என்று நாள் முழுக்க என் தொண்டைதான் வற்றியது.

அப்புறம் கடி. கோபக்கடி இல்லை, பல் முளைக்கிற கடி, ஆனால் பால் பல் ஊசி மாதிரி. லாப் வாயால்தான் உலகத்தைத் தெரிந்துகொள்ளும். அதன் முன்னோர் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து மீனவர்களோடு தண்ணீரில் வேலை செய்த நாய்கள், பிரிட்டனுக்குப் போய் சுட்ட பறவையை நசுக்காமல் கவ்விக்கொண்டு வரும் நாயாக மாறியது. எங்கள் வீட்டில் பறவை இல்லாததால் செருப்பு, ரிமோட், மகளின் கணக்கு நோட்டு. மகனின் சட்டை நுனியைப் பிடித்துத் தொங்கும், அவன் கத்திக்கொண்டு ஓடுவான், ஓடினால் அதற்கு இன்னும் குஷி. 'மரம்' என்று ஒரு விளையாட்டு வைத்தோம்: மிளகு கடிக்க வந்தால் கையைக் கட்டிக்கொண்டு மரம் மாதிரி அசையாமல் நிற்க வேண்டும், அது சலித்துப்போய் விலகிவிடும். மூன்று வாரத்தில் பலன் தெரிந்தது. ஐந்தாம் மாதம் ஒரு நாள் மகன் தரையிலிருந்து அரிசிமணி அளவில் ஒரு பல்லைப் பொறுக்கிக்கொண்டு வந்தான். தன் விழுந்த பல்லை வைக்க அவனுக்கு இன்னும் ஒன்றும் விழவில்லை, அதனால் தீப்பெட்டியில் மிளகின் பல் போனது. இன்றும் இருக்கிறது.

இப்போது நான் சொல்லப்போவதை ப்ரீட் பட்டியல்களை விடக் கவனமாகப் படியுங்கள். மிளகுக்கு ஒரு வயது இருக்கும். சாப்பாட்டு மேஜைக்கு அடியில் மென்று கொண்டிருந்தது, மகன் விளையாட்டுக் காரைத் துரத்திக்கொண்டு உள்ளே தவழ்ந்தான். நான் எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன். மெல்லும் சத்தம் சட்டென்று நின்றது. உடம்பு விறைத்து, தலையைத் தூக்காமலே ஓரக்கண்ணால் அவனைப் பார்க்கிறது, கண்ணின் வெள்ளை பிறை மாதிரி தெரிகிறது. அப்புறம் அடித்தொண்டையில் ஒரு உறுமல். அவனைக் காலைப் பிடித்து வெளியே இழுத்தேன், மறு கை நாயை அடிக்க ஓங்கிவிட்டது. அடிக்கவில்லை. பயிற்சியாளர் முன்பே சொல்லியிருந்தார், உறுமுவதற்காக அடித்தால் அது உறுமுவதைத்தான் விடும், கடிப்பதை அல்ல, அடுத்த முறை எச்சரிக்கையே இல்லாமல் கடிக்கும் என்று.

தப்பு யாருடையது? எங்களுடையது. மெல்லும் நாய்க்குத் தனி மூலை கொடுக்காதது, பையனுக்குச் சொல்லிக் கொடுக்காதது, லாப்தானே என்ற தைரியம். முதலில் சொன்ன அந்த அரை மார்க் இதற்குத்தான். சின்னப் பிள்ளைகள் கடி வாங்குவது பெரும்பாலும் நன்றாகத் தெரிந்த நாயிடம்தான், அதுவும் வீட்டுக்குள், முகத்திலும் கழுத்திலும், ஏனென்றால் அவர்கள் உயரம் அது. அன்றைக்கே விதி போட்டோம்: சாப்பிடும்போதும் தூங்கும்போதும் மிளகுக்குப் பக்கத்தில் யாரும் போகக் கூடாது, கட்டிப்பிடித்து முகத்தோடு முகம் வைக்கக் கூடாது, அது எழுந்து போனால் பின்னால் போகக் கூடாது. உதட்டை நக்குவது, தூக்கம் வராதபோதே கொட்டாவி விடுவது, முகத்தைத் திருப்பிக்கொள்வது எல்லாம் 'போதும், விடு' என்று அர்த்தம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தோம். மகள் இதில் எங்களை மிஞ்சிவிட்டாள், விருந்தாளி பிள்ளைகள் வந்தால் அவள்தான் போலீஸ். அப்புறம் ஒரு முறைகூட உறுமல் இல்லை.

சாப்பாடு. லாப் வளர்ப்பவர்களின் நிரந்தரப் புலம்பல் இது. இவ்வளவு சாப்பிட்டும் பசி தீராதா என்றால், சிலவற்றுக்கு நிஜமாகவே தீராது. 2016இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தது, லாப்களில் கிட்டத்தட்ட நாலில் ஒன்றுக்கு பிஓஎம்சி (POMC) என்ற மரபணுவில் ஒரு துண்டு இல்லை, வயிறு நிறைந்தது என்ற சேதி மூளைக்குச் சரியாகப் போவதில்லை. மிளகுக்குச் சோதனை செய்யவில்லை, செய்யத் தேவையும் இல்லை. ஒரு இரவு பள்ளிப் பையைத் திறந்து, டப்பாவில் மிச்சமிருந்த உலர் திராட்சையை முழுக்கத் தின்றுவிட்டது. திராட்சையும் உலர் திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும், எவ்வளவு தின்றால் ஆபத்து என்று அளவே சொல்ல முடியாது. அந்த இரவே ஓடினோம், வாந்தி எடுக்க வைத்தார்கள், இரண்டு நாள் சொட்டு மருந்து ஏறியது. நாய்க்கு ஆகாத சாக்லேட்டும் சர்க்கரை இல்லாத சூயிங்கமும் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் தரை மட்டத்தில்தான் கிடக்கும், ஆகவே பைகள் இப்போது ஆணியில்.

முடியைப் பற்றி எழுதவே வேண்டாம் என்று பார்த்தேன். குட்டை முடிதானே என்று நம்பாதீர்கள், அடியில் இன்னொரு அடுக்கு உண்டு, வருடத்தில் இரண்டு முறை மொத்தமாகக் கொட்டும், மீதி நாளில் சில்லறையாகக் கொட்டும். கறுப்பு நாய், வெள்ளைச் சட்டை சீருடை. யோசித்துக்கொள்ளுங்கள்.

வேலையை யார் செய்வது? வாங்கும் முன் பிள்ளைகள் சத்தியம் செய்தார்கள், மகள் எழுதிக் கையெழுத்தே போட்டாள். மூன்று வாரம் நடந்தது. வளர்ந்த லாப்புக்கு ஒரு நாளைக்கு ஒன்றரை, இரண்டு மணி நேர நடை, ஓட்டம் வேண்டும், அது கிடைக்காத நாளில் அந்தச் சக்தி எங்கேயாவது வெளியே வரும். எட்டு மாதம் முதல் ஒன்றரை வயது வரை அது விடலை, சொன்ன பேச்சு எல்லாம் மறந்துவிடும், இருபத்தைந்து கிலோ உடம்போடு வரவேற்கப் பாய்ந்து பையனை மூன்று முறை குப்புறத் தள்ளியிருக்கிறது. பயிற்சி வகுப்புக்கு இரண்டு பிள்ளைகளையும் கூட்டிப்போனது நாங்கள் செய்த நல்ல காரியம். எட்டு வயதுப் பெண்ணின் குரலுக்கும் நாய் உட்காரும், ஆனால் கயிற்றைப் பிடித்து நிறுத்துவது அவளால் முடியாது, அதனால் தெருவில் கயிறு பெரியவர்கள் கையில்தான். தினமும் காலை ஐந்தே முக்காலுக்கு எழுந்து போகப்போவது யார், அந்த ஆளுக்குப் பிடித்த நாயை வாங்குங்கள். எங்கள் வீட்டில் அது நான். பிள்ளைகளின் ஆசை இரண்டாவதுதான்.

யாருக்கு லாப் வேண்டாம் என்றால்: பகல் முழுக்க வீட்டில் ஆள் இல்லாதவர்கள், கைக்குழந்தை இருப்பவர்கள். என் தங்கை போன மாதம் கேட்டாள், அவள் பிள்ளைக்கு ஒன்றரை வயது, குட்டியும் குழந்தையும் சேர்ந்தே வளரட்டுமே அக்கா என்றாள். ஒரே நேரத்தில் டயப்பரும் துடைப்பமும் தாங்காதுடி, இன்னும் மூன்று வருடம் போகட்டும் என்றேன், கோபம்தான். அவ்வளவு அவசரம் என்றால் காப்பகத்திலிருந்து நாலைந்து வயதான, பிள்ளைகளோடு முன்பே இருந்து பழகிய கலப்பின நாயை எடு என்றேன். ப்ரீட் தெரியாவிட்டால் என்ன, எவ்வளவு பெரிசு, எப்படிப்பட்ட குணம் என்பது கண்ணெதிரே தெரியும், குட்டியில் அது லாட்டரி. இன்னொரு தடவை எடுப்பதாக இருந்தால் நானே அப்படித்தான் செய்வேன்.

மிளகுக்கு இப்போது ஆறு வயது, லாப்புக்கு ஆயுள் பதினொன்று, பதிமூன்று வருடம் என்பார்கள். போன தடவை எடை 33 கிலோ, பெண் நாய்க்கு அது அதிகம், இடுப்புக்கு ஆகாது, மூன்று கிலோ குறைத்தாக வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். தின்பண்டம் முழுக்க நின்றது. மகன் ஃப்ரிட்ஜில் ஒரு அட்டவணை ஒட்டியிருக்கிறான், வாராவாரம் எடை பார்த்து எழுதுகிறான்: 33, 32.6, 32.7. அந்த 32.7க்குப் பக்கத்தில் சிவப்புப் பேனாவில் 'அப்பா' என்று எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறான்.